மரகதா பாடாத பாட்டு

காவேரி ஒலி வானொலியின் பாட்டு நூலகத்தைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றிய மறுநாள், நூலகப் பொறுப்பாளர் தர்மசீலன் திரையைத் திறந்தான். ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு முன்னாலும் சிவப்பில் ஓர் ஆச்சரியக்குறி நின்றுகொண்டிருந்தது. பாட்டின் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது, எத்தனை நிமிடம் ஓடும் என்பதுகூட இருந்தது. பாட்டு மட்டும் இல்லை. எதைத் தொட்டாலும் 'கோப்பு காணவில்லை' என்றது கணினி, அவன்தான் எடுத்து ஒளித்து வைத்துவிட்ட மாதிரி.

நிலைய இயக்குநர் ரெங்கமணியிடம் ஓடினான். ரெங்கமணி எந்தச் சிக்கலையும் இரண்டே சொற்களில் தீர்த்துவிடுகிறவர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா. வீடு மாத்துனா அட்ரஸ் மாறத்தான் செய்யும். புது அட்ரஸக் காட்டிக் குடு, ஒட்டிக்கும்."

"காட்டிக் குடுக்கலாம் சார். ஆனா எல்லாப் பாட்டும் இந்தப் பெட்டிக்கு வந்து சேரல. பழைய பெட்டி இருந்தா மறுபடி எடுத்துரலாம்."

"பழைய பெட்டியா?" ரெங்கமணி காது மடலைச் சொறிந்தார். "அத நேத்தே காயலான் கடைக்குப் போட்டாச்சே."

அப்படித்தான் அந்த நிலையத்துக்குச் சேது வந்தது. தொலைந்த கோப்புகளைத் தேடிப்பிடித்து அவற்றின் பெயரோடு மறுபடி இணைத்துவைக்கும் மென்பொருள் அது. வாயும் உண்டு. மேடைப் பேச்சாளர் போலச் சுத்தத் தமிழில் பேசும். ஒரு மதியப் பொழுதுக்குள் பெரும்பாலான ஆச்சரியக்குறிகளைத் துடைத்துவிட்டுத் தர்மசீலனைக் கூப்பிட்டது.

"மீதிக் கோப்புகள் இந்த உலகத்தில் எங்கும் இல்லை, ஐயா."

"இல்லைன்னா?"

"இல்லை என்றால் இல்லை. ஆனால், இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒன்றை உருவாக்கி இணைக்க என்னால் முடியும். வரிகள் இருக்கின்றன, மெட்டின் சுரக்குறிப்பு இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, வாசித்த வாத்தியங்களின் பெயர் இருக்கிறது. இணைக்கட்டுமா?"

"அது அந்தப் பாட்டாயிருக்குமா?"

"அந்தப் பாட்டு இருந்த இடத்தில் இருக்கும் பாட்டு," என்றது சேது.

பின்னாலிருந்து ரெங்கமணி எட்டிப் பார்த்தார். "ஆமான்னு போடுய்யா. இதெல்லாம் எந்தக் காலத்துப் பாட்டு! கேக்கறவனுக்கு என்ன தெரியப்போவுது?"

ஆமான்னு போட்டான். ஒரே ஒரு பாட்டில் மட்டும் சேது மறுபடி நின்றது. 'மழைக்கு முந்தின காத்து' என்ற மெல்லிசைப் பாடல். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே நிலையத்தில் பதிவானது. பாடியவர் பெயரை மட்டும் யாரோ பழைய கணினி எழுத்துருவில் அடித்திருந்ததால் இப்போது கோழி கிளறின குப்பை மாதிரித்தான் தெரிந்தது.

"பாடியவர் பெயர் இல்லாமல் குரலைத் தீர்மானிப்பது கடினம், ஐயா."

சாப்பாட்டு நேரம். தர்மசீலனின் மேசையில் சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் 'மரகதா அப்பளம்' என்று எழுதிய பாக்கெட் ஒன்று கிடந்தது. கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து 'ஆர். மரகதா' என்று அடித்துவிட்டு, கையைக் கழுவப் போனான்.

அந்த வாரம் 'மழைக்கு முந்தின காத்து' ஒலிபரப்பானது. ஊரே சொக்கிப்போனது.

குரலில் ஒரு பிசிறு கிடையாது. தேனில் ஊறவைத்து, துடைத்து எடுத்த குரல். திருச்சியில் ஆட்டோக்காரர்கள் அதைத்தான் போட்டார்கள். கல்யாண மண்டபங்களில் பெண் அழைப்புக்கு அதைத்தான் போட்டார்கள். 'யார் இந்த ஆர். மரகதா? இத்தனை நாள் இவரை எங்கே வைத்திருந்தீர்கள்?' என்று நேயர்கள் கேட்டார்கள். அது வரைக்கும்கூடத் தர்மசீலனால் தாங்க முடிந்தது. அடுத்ததாக அவர்கள் மரகதாவை ஞாபகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

லால்குடியிலிருந்து ஒருவர் அவரைத் தேர்த்திருவிழா மேடையில் நேரில் பார்த்திருந்தார். நீலப் புடவை, இரட்டை மூக்குத்தி. துறையூர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அவருக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்திருந்தார். "கணக்கு வராது. ஆனா குரல், அடடா!" என்று நேரலையில் கண்கலங்கினார். ரசிகர் மன்றம் வந்தது. மன்றத்துக்கு மகளிர் அணி வந்தது. ரெங்கமணி இதையெல்லாம் பார்த்துவிட்டு, நிலையத்தின் ஆண்டு விழாவில் மரகதாவுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது என்று அறிவித்தார்.

"சார், அப்படி ஒரு ஆளே இல்ல சார்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உடம்பு சரியில்லம்போம். அந்த ஹெட்மாஸ்டர் வாங்கிக்குவாரு."

இந்த நிலையில்தான் ஒரு நாள் முற்பகலில் வரவேற்பறையில் பெரிய குரல் கேட்டது.

"அந்த மரகதாவக் கூப்பிடு. அவகிட்ட நான் ரெண்டு வார்த்த பேசணும்."

அறுபதைத் தாண்டிய பெண்மணி. தடித்த உடம்பு, கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி, புடவையில் சாம்பார் வாசம். பெயர் பிலோமினா. பாலக்கரையில் வீடு, வீட்டின் முன்பக்கத்திலேயே வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு மெஸ் நடத்துகிறார்.

"அவங்க இங்க இல்லீங்கம்மா," என்றான் தர்மசீலன். பொய் இல்லை.

"அப்ப நீ கேட்டுக்க. அந்தப் பாட்டப் பாடுனது நான். இந்தக் கட்டடத்துல, மாடியில, இருவத்திரெண்டு வயசுல பாடுனேன். இப்ப ரேடியோவுல வர்றது என் பாட்டு. ஆனா என் தொண்ட இல்ல. எவ அவ?"

சத்தம் கேட்டு ரெங்கமணி வந்தார். பிரச்சினை பண்ணுகிறவர்களுக்கு அவர் காபி சொல்லுவார். பிலோமினா காபியைத் தொடவில்லை. ஒலிப்பதிவு அறைக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே பாடினார்.

'மழைக்கு முந்தின காத்தே, என் மாடிக் கொடியில என்ன தேடுற...'

கரகரத்த குரல். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் தடுக்கியது. ஆனால் 'தேடுற' என்ற இடத்தில் அவர் அந்தக் காற்றை ஒரு கேள்வி கேட்டார், உண்மையாகவே பதிலை எதிர்பார்க்கிறவரைப் போல. பதினோரு வருஷமாகத் தான் காவல் காத்த நூலகத்தில் ஒரு பாட்டைக்கூடக் கடைசிவரை கேட்டதில்லை என்பது அப்போதுதான் தர்மசீலனுக்கு உறைத்தது.

"சேது, இது நம்ம நூலகத்துல இருக்கற குரல்தானா?" என்று கேட்டார் ரெங்கமணி.

"இல்லை, ஐயா. நூலகத்தில் உள்ள மூலத்தோடு இது ஒத்துப்போகவில்லை. நல்ல முயற்சி. ஆனால் போலி."

"பாத்தீங்களாம்மா? மெஷினே சொல்லுது. மெஷினுக்கு உங்க மேல என்ன பகையா?"

பிலோமினா ரெங்கமணியைப் பார்த்தார், பேசும் பெட்டியைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தர்மசீலன் வாசல்வரை பின்னாலேயே போனான். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே போனான்.

"என்ன, போலீசுக்குச் சொல்லப் போறியா?" என்றார் அவர் திரும்பாமல். "சொல்லு. வீட்டுல ஏற்கெனவே நான் குத்தவாளிதான். தம்பி, எனக்கு மாலையும் வேணாம், மரியாதையும் வேணாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஒரு கதையத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், நான் ரேடியோவுல பாடியிருக்கேன்னு. நான் கட்டிக்கிட்ட வருசத்துலயிருந்து நீங்க சினிமாப் பாட்டு மட்டுந்தான் போட்டீங்க. ஒரு நாள் போடுவாங்க, அப்ப கேளுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். போட்டீங்க. எம்புருசன், மவன், மருமவ, மெஸ்ஸுல சாப்பிடற புள்ளைங்க எல்லாரும் கரண்டியக் கீழ வச்சிட்டுக் கேட்டாங்க. வேற ஒருத்தி பாடறா. எம்புருசன் கேட்டாரு, 'ஏன் பிலோ, இத்தன வருசமா கத விட்டியா?'ன்னு. கோவமாக் கூடக் கேக்கல. பாவமாக் கேட்டாரு."

"அம்மா, மரகதான்னு யாரும் இல்ல," என்றான் தர்மசீலன். எல்லாவற்றையும் சொன்னான். காயலான் கடையைச் சொன்னான், சேதுவைச் சொன்னான், அப்பளத்தையும் சொன்னான்.

பிலோமினா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். "மாதாவே," என்றார். "என் பாட்ட ஒரு அப்பளத்துக்கா தாரவாத்த?"

"தெரியாமப் பண்ணிட்டேம்மா."

"அவ பாடுனதுல சிரிப்பே இல்ல, கவனிச்சியா? நான் பாடறப்ப ரெண்டாவது சரணத்துல தபேலாக்காரன் ஒக்காந்திருந்த முக்காலி ஒடஞ்சு அவன் தொம்முன்னு விழுந்தான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கி அடக்கிப் பாடுனேன். கரண்டு போற நேரம், திரும்ப எடுக்க முடியாதுன்னு அப்படியே விட்டுட்டாங்க. எங்க வீட்டுல இந்தக் கதையச் சொன்னாலே ஆளுக்கொரு பக்கம் எந்திரிச்சுப் போயிருவாங்க. அத்தன தடவ சொல்லியிருக்கேன்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நீ வா. எங்கிட்டச் சொன்னத என் வீட்டுல வந்து சொல்லு."

போனான். பாலக்கரை வீட்டில் பிலோமினாவின் கணவர் அற்புதராஜ், பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நாற்காலியில் சாய்ந்திருந்தார். மருமகள் ஷைனி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் நீலப் புடவையும் இரட்டை மூக்குத்தியுமாக ஒரு படம் தொங்கியது. சேதுவோ அதன் பங்காளி மென்பொருள் எதுவோ வரைந்த மரகதா. ஷைனிதான் ரசிகர் மன்றத்தின் மகளிர் அணித் தலைவி என்பது அப்போதுதான் தர்மசீலனுக்குத் தெரிந்தது.

அவன் சொல்லி முடித்ததும் அற்புதராஜ் நிதானமாகக் கேட்டார். "எத்தன நாள் சாப்பாடு போடறேன்னா?"

"சார்?"

"இங்க மீன் கொழம்பு நல்லாருக்கும். அதுக்கு ஆசப்பட்டு இதுக்கு முன்னாடியும் சில பேரு பொய் சொல்லியிருக்காங்க."

"மாமா, இவரு சொல்றதக் கேக்கவே நாக்கூசுது," என்றாள் ஷைனி. "மரகதாம்மாவோட ஹெட்மாஸ்டரே பேசியிருக்காரு. அவரும் பொய்யா? அத்தை, ஒங்களுக்கு ஒரு ஆசை இருந்துச்சு, சரி. அதுக்கு இன்னொருத்தவங்களையே இல்லைங்கறது நல்லாவா இருக்கு?"

பிலோமினா அடுப்படிக்குள் போனார். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை விருதையொட்டிய சிறப்பு நேரலை. மரகதாவைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் பாட்டைப் போடவேண்டியது தர்மசீலனின் வேலை. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, அறைக் கதவை உட்பக்கம் தாழிட்டான்.

"நேயர்களே, ஆர். மரகதா என்று ஒருவர் இல்லை. நான் வைத்த பெயர் அது. மூலப் பாட்டை நாங்கள் தொலைத்துவிட்டோம். நீங்கள் கேட்பது இயந்திரம் பண்ணியது. உண்மையில் பாடியவர் பாலக்கரை பிலோமினா. அந்தக் காலத்தில் அவர் பாடிக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் பேசுங்கள். அந்தப் பாட்டில் உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

முக்காலியைப் பற்றியோ சிரிப்பைப் பற்றியோ அவன் வாய் திறக்கவில்லை. தன் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்தான். அதுதான் வாழ்க்கையிலேயே தான் செய்த பெரிய முட்டாள்தனம் என்று அடுத்த கணமே தெரிந்துபோனது.

தலைமையாசிரியர்தான் முதலில் கைபேசியில் வந்தார். "என் மாணவிய இல்லேங்கறதுக்கு நீ யாருடா?" லால்குடிக்காரர் அவன் அம்மாவை விசாரித்தார். ஒருவர் மரகதாவின் தம்பி மகன் என்று சொல்லிக்கொண்டு வழக்குப் போடுவேன் என்றார். இதற்கு நடுவில் ஒரு மெதுவான குரல்: "நான் மணப்பாறையிலேர்ந்து பொன்னுரங்கம் பேசறேன். லாரி ஓட்டுனேன், இப்ப சும்மா இருக்கேன். திட்டறதுக்குப் பேசலீங்க. ஒரு சந்தேகம். அந்தப் பாட்டுல ஒரு சிரிப்பு வரும், அத ஏன் வெட்டி..."

அவ்வளவுதான். ரெங்கமணி மின்சாரத்தை நிறுத்திவிட்டார். இருட்டில் தர்மசீலனின் கைபட்டு அழைப்பும் துண்டானது, வசவு அழைப்புகளுக்குள் அந்த எண்ணும் தொலைந்தது.

இருட்டு அறைக்கு வெளியே நின்று அவர் கத்தவில்லை. "நாளைலேர்ந்து வரவேணாம்," என்றார். சற்று யோசித்து, "மதியச் சாப்பாட்டு டப்பாவ எடுத்துட்டுப் போயிரு, நாறும்," என்றும் சொன்னார்.

மறுநாள் காலை மறுஒலிபரப்பு. வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தர்மசீலன் தன் குரலைக் கேட்டான்.

"நேயர்களே, ஆர். மரகதா! இப்படி ஒரு குரலை இந்த மண் இனி எப்போது கேட்கும்? அவருடைய பாட்டைப் பாதுகாக்கும் பேறு எனக்குக் கிடைத்ததே, அதுவே போதும்..."

பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. அவனுடைய குரல்தான். வழக்கமான இருமல்கூட இருந்தது. ரெங்கமணி நேற்றைய பதிவை அழித்திருக்கிறார். சேது காலியிடத்தைப் பார்த்திருக்கிறது. இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒன்றை இணைத்திருக்கிறது.

"எவ்வளவு நல்லாப் பேசியிருக்கீங்க! இதுக்குப் போயி வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொல்றீங்க?" என்றாள், நேற்றைய நேரலையைக் கேட்காத மனைவி செண்பகம், சமையலறையிலிருந்து. "உண்மையச் சொல்லுங்க. ஆபீசுல வேற என்ன பண்ணீங்க?"

"நான் இப்படிப் பேசவேயில்ல!"

செண்பகம் வெளியே வந்து அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அந்தப் பார்வையைத்தான் பிலோமினா ரோட்டோரத்தில் நின்று விவரித்திருந்தார். வாயில் நுரையோடு சட்டையை மாட்டினான்.

பாலக்கரைக்குப் போகும் வழியெல்லாம் கைபேசியில் வசவு வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து, "மணப்பாறையா?" என்று கேட்டுவிட்டு வைத்தான். பிலோமினா வீட்டுப் படியேறும்போது அந்த மணப்பாறைக்காரரே கைபேசியில் வந்தார்.

"நேத்துப் பேசிக்கிட்டிருக்கறப்பவே கட்டாயிருச்சுங்க. நான் பொன்னுரங்கம்..."

"ஐயா, வைக்காதீங்க. சாமி சத்தியமா வைக்காதீங்க." உள்ளே ஓடி, அற்புதராஜுக்கு முன்னால் இருந்த மேசையில் கைபேசியை வைத்து ஒலியைக் கூட்டினான். "இவரக் கேளுங்க சார். நான் ஒண்ணுமே சொல்லித் தரல."

அற்புதராஜ் கைபேசியை நம்பாமல் பார்த்தார். "யாருங்க நீங்க?"

பொன்னுரங்கம் ஊரும் பேரும் சொன்னார். "பெரிய விசயம் ஒண்ணுமில்லீங்க. எம்மொதப் புள்ள பொறந்த வருசம், தெனமும் சாயந்தரம் அந்தப் பாட்டு வரும். வண்டிய ஓரங்கட்டிட்டுக் கேப்பேன். ரெண்டாவது சரணத்துல தொம்முன்னு ஏதோ விழுவற சத்தம் கேக்கும். ஒடனே அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு வந்துரும். அடக்கிக்கிட்டுப் பாடும். ஆனா தெரியும். அந்தச் சிரிப்புக்காகத்தாங்க நான் வண்டிய நிறுத்துனதே. இப்பப் போடறாங்களே, அதுல அந்த எடம் சும்மா வழுவழுன்னு போவுது. அதான் கேட்டேன்."

ஷைனியின் கத்தி வெங்காயத்தின் பாதியில் நின்றது. அற்புதராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுப்படி வாசலில் கரண்டியோடு பிலோமினா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கு," என்றார் அற்புதராஜ், கைபேசியிடம். "எம்பொண்டாட்டி."

"அப்படியாங்க! சாமி! அவங்ககிட்டக் குடுங்க, குடுங்க. அம்மா, நாப்பது வருசமாக் கேக்கணும்னு நெனச்சேன். அன்னிக்கு ஏம்மா சிரிச்சீங்க?"

பிலோமினா கரண்டியை ஷைனியின் கையில் கொடுத்தார். கையைப் புடவையில் துடைத்துவிட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது, குரலை மட்டும் கெட்டியாக வைத்துக்கொண்டார்.

"அது ஒண்ணுமில்லீங்க, அண்ணன். தபேலா வாசிக்கிறவரு நல்லா குண்டு. பாட்டு நடுவுல அவரு ஒக்காந்திருந்த நாற்காலி ஒடஞ்சு..."

"நாற்காலி இல்ல பிலோ, முக்காலி," என்றார் அற்புதராஜ். "சரியாச் சொல்லு."